வாசற்படியின் உயரம் என்ன?
வெனிஸ் நகரில் வீடு வாங்கப் புறப்படும் ஒரு குடும்பத்தின் கதை

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்' என்று எம் முன்னோர் சொல்லிவைத்தனர். இத்தாலி நாட்டின் வடகிழக்கிலே, அதிரியாத்திக் கடலை அடுத்த கடனீரேரியின் நடுவே வாழும் வெனிஸ் நகரத்தாருக்கு இப்பழமொழியின் முற்பாதி பயன்படாது. கட்டிப்பார்க்க அங்கே நிலம் ஏது? நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளையும் அவற்றை இணைக்கும் நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்களையும் கொண்ட அந்நகரில், கட்டவேண்டியவற்றை எல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கட்டி முடித்துவிட்டார்கள். வீடு வேண்டுமென்பவர் பழைய வீடொன்றை வாங்கித்தான் பார்க்கவேண்டும்.

அவ்வாறு வாங்கப் புறப்படும் குடும்பம் ஒன்றை நாம் மனத்திலே கற்பித்துக்கொள்வோம். கணவர் பாடசாலை ஆசிரியர். மனைவி வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிபவர். பிள்ளைகள் இருவர். இவர்களுடன், எழுபது வயதைக் கடந்த, முழங்கால் நோவினால் படியேற வருந்தும் தாயார் ஒருவர். இதுகாறும் வாடகை வீட்டில் வாழ்ந்தவர்கள். கையிலே சிறிது சேமிப்பும், மிகுதிக்கு வங்கிக் கடனும் உண்டு. நகரின் வடபகுதியாகிய கன்னரேஜோவிலே, சாதாரண மக்கள் இன்னும் குடியிருக்கும் ஒழுங்கைகளில் வீடு தேடுகிறார்கள்.

வேறு ஊர்களிலே வீடு பார்க்கச் செல்பவர் அறைகள் எத்தனை, தண்ணீர் நல்லதா, பாடசாலை அண்மையிலா என்று கேட்பர். வெனிஸ் நகரத்தார் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. வாசற்படியின் உயரம் என்ன?

எங்கிருந்து அளந்த உயரம் என்று வாசகர்கள் வினவலாம். பெருங்கால்வாய் கடனீரேரியோடு கலக்கும் முனையில், 1897ஆம் ஆண்டை நடுவாகக் கொண்டு கணித்த சராசரிக் கடல்மட்டத்தை அந்நகரத்தார் பூச்சியமாக வைத்திருக்கின்றனர். பெருக்கு எவ்வளவு, தெரு எவ்வளவு, படி எவ்வளவு என்பதெல்லாம் அப்பூச்சியத்திலிருந்தே அளக்கப்படும். ஆனால் இன்று கடலின் சராசரி மட்டமே அதற்கு மேல் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் ஏறி நிற்கிறது. கடல் உயர்ந்தது ஒரு காரணம். நிலம் தாழ்ந்தது மற்றொரு காரணம். சேற்று நிலம் தானாகவே மெல்ல அமுங்கிக்கொண்டிருக்க, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்க்கரையிலுள்ள மார்கேரா தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளினார்கள். நகரம் மேலும் பத்து சென்ரிமீற்றர் அளவு இறங்கிற்று. 1970களில் இறைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இறங்கிய நகரமோ மீண்டும் எழவில்லை.

பெருக்கு 80 சென்ரிமீற்றரை எட்டும்போதே புனித மாற்கு சதுக்கத்தின் தாழ்ந்த பகுதியிலே நீர் தோன்றிவிடும். 110ஐ எட்டினால் நகரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நனையும். 140ஐ எட்டினால் பாதிக்கு மேல் நீருக்குள் நிற்கும். 110க்கும் 140க்கும் இடையில் உள்ளது ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான உயரந்தான். அந்த ஒரு சாணுக்குள்ளேதான் ஒரு குடும்பத்தின் நிம்மதியும், ஒரு வீட்டின் விலையும் அடங்கியிருக்கின்றன. அபாயச் சங்கு ஒலிக்கும்போது முதலில் பொதுவானதோர் ஊளை எழும். அதன் பின்னர் வரும் சுரங்களை மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணுவார்கள். ஒரு சுரம் ஆயின் 110. நான்கு சுரம் ஆயின் 140. பள்ளிச் சிறுவரும் இக்கணக்கை அறிவர்.

நகரத்தின் சுவர்களிலேயே எழுதப்பட்ட பழைய கணக்கு ஒன்றும் உண்டு. கால்வாய்ச் சுவர்களில், பெருக்கு வழக்கமாக எட்டும் மட்டம்வரை பச்சைப்பாசி படர்ந்திருக்கும். அக்காலத்து அதிகாரிகள் அப்பாசிக் கோட்டுக்கு நேரே கல்லில் அடையாளம் பொறித்து, அதனையே நகரின் நீர்மட்டமாகக் கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஓவியராகிய கனலெத்தோ, காட்சியைத் தாளில் விழுத்தும் இருட்டுப்பெட்டியின் துணைகொண்டு கட்டடங்களைத் தவறாது தீட்டியவர். பாசிக் கோட்டையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஓவியங்களை இன்றைய சுவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர்கள், அவர் காலத்தின் பின் நகரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீருள் தாழ்ந்திருக்கிறதென்று கணித்தனர். படம் வரைந்தவர் தம்மை அறியாமலே நிலஅளவையாளராகவும் விளங்கினார் என்பது எமக்குப் பெரும் வியப்பாகவே இருக்கிறது.

நம் குடும்பத்துக்கு முதலிலே தரகர் காட்டுவது நிலத்தள வீடு. மேல்மாடி வீடுகளிலும் விலை குறைவு. அறைகள் விசாலமானவை. பின்புறத்தில் சிறு முற்றமும் உண்டு. எல்லாவற்றிலும் மேலாகப் படிகள் இல்லை. தாயார் கைத்தடியுடன் வெளியே சென்று, சந்தையில் நாலு பேருடன் பேசி மீளலாம். வேறு என்ன வேண்டும்?

பழைய வெனிசியர் இவ்விடத்தில் சிரித்திருப்பர். அவர்கள் நிலத்தளத்திலே மிளகையும் பட்டையும் கம்பளியையும் வைத்தார்கள், பிள்ளைகளை வைக்கவில்லை. வணிகரின் மாளிகையில் கீழ்த்தளம் பண்டசாலை. அதற்கு மேலுள்ள உயரம் குறைந்த இடைமாடி கணக்கப்பிள்ளைகளின் அலுவலகம். அதற்கும் மேல்தான் குடும்பம். கீழ்த்தளங்களில் மக்கள் குடியிருக்கத் தொடங்கியது நெருக்கடியினாலும் வறுமையினாலுமேயன்றி விருப்பத்தினாலன்று.

அக்குடியிருப்புக்குப் பேரிடி விழுந்தது 1966ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் திகதி. வற்றவேண்டிய வேளையில் நீர் வற்றவில்லை. தெற்கிலிருந்து வீசிய கடுங்காற்று அதனை உள்ளேயே நிறுத்திவைத்தது. முந்திய பெருக்கு இறங்குமுன் அடுத்த பெருக்கு அதன்மேல் ஏறிற்று. 194 சென்ரிமீற்றர்! மின்சாரம் அற்றுப்போன இருளிலே, வீடுகளைச் சூடாக்க வைத்திருந்த எண்ணெய்த் தாங்கிகள் உடைந்து, கரிய எண்ணெய் நீரோடு கலந்து சுவரெங்கும் பூசிவிட்டது. அன்றைக்குப் பின் நிலத்தள வீடுகளை விட்டு வெளியேறியவர் பலர். அவர்களுட் பெருந்தொகையினர் எதிர்க்கரைக்குப் போனவர் போனவர்தாம். வெனிஸைக் காப்பது தேசத்தின் கடமையென்று 1973இல் இத்தாலிய அரசு தனிச்சட்டம் இயற்றியது. எனினும் 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி இரவு நீர் மீண்டும் 187ஐ எட்டிற்று. அந்த ஒரு வாரத்தினுள் நான்கு முறை 140ஐக் கடந்தது. குளிர்சாதனப் பெட்டிகளும் மெத்தைகளும் புத்தகங்களும் ஒழுங்கைகளிலே குவிந்தன.

வெள்ளம் வந்து போய்விடும். அதனை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். போகாதது உப்பு. விற்பவர் வாய்திறந்து சொல்லமாட்டாராகையால் இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

வெனிஸ் வீடுகள் செங்கற் சுவர்களால் ஆனவை. செங்கல் நீரை உறிஞ்சும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் கடல்நீரை மேலே இழுக்கும். இதனை அறிந்த பழைய கொத்தர்கள், எதிர்க்கரையாகிய இஸ்திரியாவிலிருந்து நீர் புகாத வெண்கல்லைக் கொணர்ந்து, நீர்மட்டத்தை அடுத்த பகுதியை அக்கல்லினாற் கட்டி, அதற்கு மேல்தான் செங்கல்லை வைத்தார்கள். அவர்கள் கணக்குப் பிழையன்று. அவர்கள் கண்ட கடல் வேறு. இன்று பெருக்கு அந்தக் கல்லையும் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. நீர் சுவரிலே ஆள் உயரத்துக்கும் மேலே ஏறுகிறது. வெயில் வந்ததும் நீர் ஆவியாகிப் போக, உப்பு உள்ளே தங்கிப் பளிங்காக உறைகிறது. உறையும்போது பருத்து, செங்கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. ஆகவே சுவர் கெடுவது நனையும் நாளிலன்று, காயும் நாளில்தான். சில வீடுகளில் செங்கல்லை விரலால் தேய்த்தாலே செம்பொடியாக உதிரும்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. உளுத்த செங்கற்களைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, அந்த இடத்திலேயே புதியவற்றை வைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். 'பிரித்துத் தைத்தல்' என்பது இத்தாலியர் இவ்வேலைக்கு இட்டிருக்கும் பெயர். சுவரை ஊடறுத்து நீர் ஏறாத தகடு செருகுவதும் உண்டு. நிலத்தளம் முழுவதையும் கொங்கிறீற்றுத் தொட்டியாக்கி, அதனுள்ளே குடியிருப்பதும் உண்டு. வாசலில் தடுப்புப் பலகை பொருத்தினால் மட்டும் போதாது. நீர் தரையின் கீழிருந்தும் வடிகாலின் வழியாகவும் எழுமாகையால், தொட்டியும் நீரிறைக்கும் பொறியும் வேண்டியிருக்கின்றன. சீமெந்தும் மணலும் செங்கல்லும் படகிலே வந்து, கைவண்டியிற் பாலப்படிகளில் ஏறி இறங்கி வரவேண்டிய ஊர் அது. கூலியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே நிலத்தள வீடு பார்க்கச் செல்பவருக்கு எம்முடைய புத்திமதி: அண்மையில் வெள்ளையடித்த சுவரைக் கண்டால் மகிழ வேண்டாம். அலுமாரியை நகர்த்தச் சொல்லி அதன் பின்புறத்தைப் பாருங்கள். இடுப்பளவு உயரத்துக்கு மரப்பலகை பதித்திருந்தால், அது அழகுக்காகவா என்று கேளுங்கள். வைகாசி மாதத்தில் ஒருமுறை பார்த்திருந்தால், நவம்பரில் இன்னொரு முறை சென்று பாருங்கள்.

நம் குடும்பம் பார்த்த வீட்டின் படி 105 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவிற் சங்கு ஒலிக்கும்போது, நடக்கமாட்டாத தாயாரையும் உறங்கும் பிள்ளைகளையும் எங்கே தூக்கி வைப்பது? இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் தாயாராகவே இருப்பார். 1966இல் சிறுமியாயிருந்தவர் அல்லவா?

அடுத்து, மூன்றாம் மாடி. ஏணிபோன்ற அறுபது படிகள். மேலே காற்றும் வெளிச்சமும் உண்டு. கூரைக்கு மேல், துணி உலர்த்தவும் மாலையில் அமரவும் மரத்தாலான மேடை உண்டு. சுண்ணாம்பிலே செங்கற்றூளும் சலவைக்கற் சில்லும் கலந்து இடித்து மெருகேற்றிய பழைய தரை, கட்டடம் அமுங்க அமுங்கத் தானும் வளைந்துகொடுக்கும். சிறுவன் போளையைக் கீழே வைத்தால் அது தானாகவே சன்னலை நோக்கி உருண்டோடும். இது குறையன்று. மெத்தென்ற சேற்று நிலத்தின்மேல் நிமிர்ந்து நின்று விறைக்கும் கட்டடம் வெடித்துவிடும் என்பதனாலேயே, மரவிட்டமும் இரும்புப் பிணைப்பும் வளையும் தரையுமாக அக்காலத்தவர் கட்டினர். ஆனால் மின்தூக்கி இல்லை. அகலமற்ற பழைய படிக்கட்டில் அதனைப் பொருத்த இடமும் எளிதில் அகப்படாது. மேல்மாடியில் வாழும் முதியோர் மாதக்கணக்கிற் கீழே இறங்காது சன்னலோரமே காலங்கழிப்பது அந்நகரில் புதுமையன்று. வெள்ளத்துக்குத் தப்பிய தாயார் படிக்கட்டுக்குச் சிறைப்படுவார்.

மேல்மாடியில் வாங்குகிறவர் மறந்துவிடுகின்ற மற்றொரு செய்தியும் உண்டு. அவருடைய வீடு நிற்பது கீழ்வீட்டுச் சுவரின்மேல். இத்தாலியச் சட்டப்படி கூரையும் பாரந்தாங்கும் சுவர்களும் அடித்தளமும் அனைவருக்கும் பொதுச்சொத்து. பழுதுபார்க்கும் செலவும் பங்குக்கேற்பப் பொதுவே. உப்பு கீழே தின்னும். பணம் மேலேயிருந்தும் போகும். மோட்டார்ப் படகுகள் எழுப்பும் அலை கால்வாயோர அடித்தளத்தை அரித்தாலும் அவ்வாறே.

கடைசியில் அவர்கள் மனம் நிற்பது ஓர் இடைமாடியிலே. முன்னாளிற் கணக்கப்பிள்ளைகள் இருந்தெழுதிய இடம். கூரை தாழ்வு, கணவர் உயரமானவராயின் விட்டத்தில் தலை தட்டும். வெளிச்சம் நடுத்தரம். ஆனால் பதினெட்டுப் படிகளே. கைபிடித்து ஏறினால் தாயார் ஏறிவிடுவார். 1966இன் நீரும் அங்கே ஏறாது.

இவ்வளவும் ஏன், கடலுக்கே கதவு போட்டுவிட்டார்களே என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். கடனீரேரி கடலோடு கலக்கும் மூன்று வாய்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகளை அமைத்திருக்கின்றனர். அவை நீர் நிறைந்து கடலடியிற் படுத்திருக்கும். பெரும்பெருக்கு வருமென்று கண்டால், காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்ற, அவை எழுந்து வரிசையாக நிற்கும். கடலைப் பிளந்த மோசேயின் பெயர் தொனிக்க அதற்குப் பெயரிட்டனர். 2003இல் தொடங்கிய வேலை, தாமதமும் செலவுப்பெருக்கமும் 2014இல் வெளிப்பட்ட இலஞ்ச ஊழலும் கடந்து, 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் திகதி முதன்முறையாக நகரைக் காத்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி கடலிலே பெருக்கு 170க்கு மேல் நின்றபோதும் நகரத்தார் உலர்ந்த தெருவில் நடந்தனர். கதவுகள் இல்லையேல் அது 1966ஐ அடுத்து எண்ணத்தக்க நாள்களுள் ஒன்றாயிருந்திருக்கும். அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

எனினும் வாங்குகிறவர் இரண்டு செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும். கதவுகள் எழுவது 110 அளவான பெருக்கு எதிர்பார்க்கப்படும்போதுதான். அதற்குக் கீழான பெருக்குகள் முன்போலவே உள்ளே வரும், தாழ்ந்த வாசல்களை நனைக்கும், உப்பையும் கொண்டுவரும். புனித மாற்கு பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்புச்சுவர் எழுப்ப நேர்ந்தது இக்காரணத்தாலேயே. மற்றையது, கதவை எழுப்புவது முன்னறிவிப்பு. 2020ஆம் ஆண்டு திசம்பர் 8ஆம் திகதி முன்னறிவிப்பு குறைத்துச் சொல்லிற்று, கதவுகள் எழவில்லை, நீர் 138ஐ எட்டிற்று. மேலும், கடல் உயர உயரக் கதவுகளை அடைக்கும் நாள்கள் பெருகும். அடைத்தால் துறைமுகத்துக்குக் கப்பல் வருவது தடைப்படும். கடனீரேரியின் நீரும் மாறாது. வங்கிக் கடனைக் கட்டி முடிக்க இருபத்தைந்து ஆண்டுகள் செல்லும். அப்பொழுது கடல் எங்கே நிற்கும் என்பதே, பிள்ளைகளுக்கு முதிசமாக வீட்டை விடப்போகும் தாய்தந்தையர் இரவில் விழித்திருந்து எண்ணும் எண்ணம்.

எழுத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விலை பேசியபின் ஓர் ஒப்பந்தம் எழுதி அச்சாரம் கொடுப்பர். வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் அதனை இரட்டித்துக் கொடுக்கவேண்டும். பின்னர் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடியும். அவர் உறுதி முழுவதையும் இருதரத்தாரும் கேட்க உரத்து வாசிப்பார். அதற்கு முன்னரே, பதிவிலுள்ள வரைபடமும் வீட்டின் உண்மை அமைப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அனுமதியின்றி எழுப்பிய கூரைமேடையும் இடம்மாற்றிய சுவரும் பழைய நகரங்களில் அரிதல்ல. பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின், அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள அரசுக்கு அறுபது நாள் முன்னுரிமை உண்டு. அந்த அறுபது நாளும் பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் குடும்பத்துக்கு நீரினும் பெரிய எதிரி ஒருவர் உளர். அவர் அதே இடைமாடியைப் பார்க்க வரும் இன்னொருவர். அவர் அங்கே வாழப்போவதில்லை. உல்லாசப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்போகிறார். ஆகையால் கூடிய விலை கொடுக்க அவரால் முடியும். உப்பைப்பற்றி அவருக்குக் கவலை குறைவு. படுக்கைகள் நனைந்தால் வேறு படுக்கைகள். இத்தகையோர் பெருகப் பெருக நகரம் வறிதாகிறது. 1951இல் இவ்வரலாற்று நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிற்று. அடுத்த ஆண்டிலே பயணிகளுக்கான படுக்கைகளின் தொகை குடிமக்களின் தொகையை விஞ்சிவிட்டது. 2024இல் பகற்பயணிகளிடம் நுழைவுக்கட்டணம் அறவிடத் தொடங்கினார்கள். குடியிருப்பார் தொகையை அது கூட்டுமென்று நாம் நம்பவில்லை.

சட்டம் நம் குடும்பத்தை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. தாம் வாழ்வதற்கென முதல் வீடு வாங்குவோர் தனியாரிடம் வாங்கினால், பதிவேட்டு மதிப்பில் 2 வீதமே பதிவு வரி. மற்றையோர்க்கு 9 வீதம். ஆனால் பதினெட்டு மாதத்துக்குள் அந்த ஊரிலே குடிப்பதிவு செய்துகொள்ளவேண்டும். ரியால்ட்டோ பாலத்துக்கு அண்மையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக்குள்ளே, நகரில் இன்னும் எத்தனைபேர் வாழ்கிறார்கள் என்பதைக் காட்டும் மின்பலகை ஒன்றை 2008இல் வைத்தனர். பல்லாண்டாய் அந்த எண் இறங்கியே வந்திருக்கிறது.

விற்பவர் எவரிடம் விற்பார்? பெற்றோர் வாழ்ந்த வீட்டிலே இன்னொரு குடும்பம் அடுப்பு மூட்டவேண்டுமென்று எண்ணுகிற விற்பவரும் அங்கே இல்லாமற் போகவில்லை. அத்தகைய ஒருவர் நம்மவர்க்கு வாய்த்தாரென்றே வைத்துக்கொள்வோம்.

வீடு மாறும் நாள் வருகிறது. நாள்காட்டியில் நல்ல நேரம் பார்ப்பதுபோல், அவர்கள் பெருக்கு அட்டவணையைப் பார்க்கிறார்கள். நீர் மிகவும் வற்றினால் பாரப்படகு ஒடுங்கிய கால்வாயின் சேற்றிற் சிக்கும். மிகவும் பெருகினால் பாலத்தின்கீழ் நுழையாது. கட்டிலும் மெத்தையும் புத்தகப்பெட்டியும் தாயாரின் பழைய அலுமாரியும் ஏறிய படகு, கடைசிப் பாலத்துக்கு முன்னே நிற்கிறது. அலுமாரியின் தலை நான்கு விரல் உயரம் மிஞ்சுகிறது. படகோட்டி கால்வாய்ச் சுவரின் பாசிக்கோட்டைப் பார்த்து, இன்னும் அரைமணி நேரம் செல்லும் என்கிறார். பிள்ளைகள் பாலத்தின்மேல் ஏறி நின்று நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.